மனைவிக்குத் தினமும் ஓ.டி.

என் கணவர் என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தபோது முதலில் அழுதேன். பிறகு பழகிக்கொண்டேன். அதற்கப்புறம், சொல்லவே கூசுகிறது, அது எனக்கு வசதியாகவும் போயிற்று.

ஒரகடத்தில் லாரி கம்பெனியில் வெல்டராக இருந்தவர். அறுபதுகூட ஆகவில்லை. மூளையில் ஏதோ ஒரு புரதம் கெட்டுப்போய்க் கட்டிகட்டியாகச் சேர்கிறதாம். டாக்டரம்மா ஸ்கேனைக் காட்டி, "பக்கத்துல இருக்கிற இடத்துக்குத்தான் பரவும்னு இல்லம்மா. எந்த இடம் எதோட அதிகமா தொடர்பு வச்சிருக்கோ, அந்த வழியாவே போகும். போகப் போக அந்த இணைப்பும் அறுந்துடும்" என்றார். உறவாடிக் கெடுப்பது என்போமே, அப்படிப்பட்ட சனியன் இது. என் முகம் அவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும். யாருடைய முகம் என்பதுதான் தெரியாது. எப்போதோ இறந்துபோன தன் அக்காவை என் முகத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

மனைவியாக ஊட்டினால் தட்டைத் தள்ளுவார், குளிக்கக் கூப்பிட்டால் கை ஓங்குவார். அக்கா சொன்னால் கேட்கிறார். "டேய், வாயத் தொற" என்று அதட்டுகிறேன். இத்தனை வருஷம் 'என்னங்க' என்று நின்றவளுக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷமும் உண்டு.

நானும் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் லைனில் நிற்கிறவள்தான். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் வரும் நேரத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஸ்டாப்பில் வந்து நிற்பார். நான் இறங்குவேன். என்னைத் தாண்டி, பின்னால் இறங்குகிறவர்களைப் பார்ப்பார். பஸ் போய்விடும்.

"அவ வர்லியே க்கா?"

"ஓ.டி.டா. நாளைக்கு வருவா."

ஆரம்பத்தில் ஒருநாள் "நான்தாங்க அது" என்றேன். நடுரோட்டில் கத்தி, என்னைப் பிடித்துத் தள்ளினார். அன்றிலிருந்து இந்தப் பொய்தான். வீட்டுக்குப் போவதற்குள் அவர் மறந்துவிடுகிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

நேற்று சோறு ஊட்டும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தெனமும் இன்னா ஓ.டி.? அவ எம்மேல கோச்சிக்கினு பூட்டா. நீ எங்கிட்ட மறைக்கிற. நான் அவள அடிச்சேனா க்கா?"

"இல்லடா."

"அப்ப ஏன் வர்ல?"

கண் கலங்கியிருந்தது. நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் சாப்பாடு பாதியில் நின்றுவிடும். அடுத்த வாயை உருட்டி நீட்டினேன். அழுதுகொண்டே வாங்கிக்கொண்டார்.