ஆணி அடிக்க ஒரு சுவர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் மனைவி விஜயா சுவரில் ஓர் ஆணி அடித்தாள்.

இதையெல்லாம் எழுத ஒரு பத்தியா என்று கேட்கிறவர்கள் சொந்த வீட்டில் பிறந்து, சொந்த வீட்டிலேயே வளர்ந்தவர்களாக இருக்க வேண்டும். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். இருபத்து நான்கு வருஷம்... தாம்பரத்தைச் சுற்றியே ஆறு வீடுகள். தண்ணீர், மீட்டர், வண்டி நிறுத்துமிடம் என்று ஒவ்வோர் ஓனருக்கும் ஒவ்வொரு சட்டம். ஒன்று மட்டும் ஆறு பேருக்கும் பொது — சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

அதனால் எங்கள் கல்யாண போட்டோ இருபத்து நான்கு வருஷமாக பீரோவின் மேல் சாய்ந்தே இருந்தது. பீரோ கதவை வேகமாகச் சாத்தினால் நானும் விஜயாவும் சேர்ந்து குப்புற விழுவோம். கண்ணாடியை மட்டும் மூன்று முறை மாற்றியிருக்கிறோம்.

சென்ற வருஷம் ஆறாவது ஓனர் வந்தார். மகனுக்குக் கல்யாணம், அவனைக் குடிவைக்க வேண்டும், ஆறு மாதத்தில் காலி செய்துவிடுங்கள் என்றார். அவர் படியிறங்கிப் போனதும் விஜயா சொன்னாள்.

"ஏழாவது வாடகை வீட்டுக்கு நான் வரல. நீங்க வேணா போங்க."

குரோம்பேட்டையில் விலை கேட்டோம். கேட்டுவிட்டு டீ குடித்தோம். கோவிலம்பாக்கத்தில் கேட்டோம். டீ கூடக் குடிக்காமல் பஸ் ஏறினோம். கடைசியில் படப்பையில் ஒரு தனி வீடு. இரண்டு ரூம், ஒரு ஹால், பின்னால் ஒரு தென்னை மரம், உப்பில்லாத போர் தண்ணீர். நாற்பத்தெட்டு லட்சம். அண்ணன் தம்பி மூன்று பேருடைய சொத்து. அவர்களுடைய அப்பா அந்த இடத்தில் விவசாயம் பார்த்தவர். நிலமெல்லாம் மனையாகப் பிரிந்து விற்றுப்போன பிறகு மிச்சமிருந்த துண்டில் பிள்ளைகள் வாடகைக்கென்று கட்டிப்போட்ட வீடு அது.

வீட்டின் விலை ஒன்று, வீடு வாங்கும் விலை வேறு — இது எனக்கு ஐம்பத்து மூன்று வயதில் தெரியவந்தது. முத்திரைத் தாள், பதிவுக் கட்டணம், பேங்க் ப்ராசசிங் ஃபீஸ், வக்கீல் ஃபீஸ், வீட்டை மதிப்புப் போட வந்த இன்ஜினியரின் ஃபீஸ், புரோக்கர் பாபுவின் கமிஷன்... எல்லாவற்றையும் விஜயா ஒரு ரஃப் நோட்டில் கூட்டினாள். அவள் கணக்கு டீச்சர். கூட்டி முடித்துவிட்டு, கழுத்துச் செயினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அது இப்போது இல்லை.

பேங்கில் என் வயதைப் பார்த்ததும் மேனேஜர் கீபோர்டை விட்டுக் கையை எடுத்துவிட்டார்.

"உங்க ஒருத்தர் பேர்ல போட்டா ஏழு வருஷம்தான் சார் வரும். ஈ.எம்.ஐ. உங்க சம்பளத்தையே தாண்டிடும். மேடத்துக்கு இன்னும் சர்வீஸ் இருக்கு, அவங்களையும் சேர்த்துக்குங்க."

சேர்த்தோம். பன்னிரண்டு வருஷத்துக்கு லோன் கிடைத்தது. விஜயா அன்று கையெழுத்துப் போட்ட இடங்களை, வேலையில்லாமல் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு. இந்த முப்பத்தெட்டைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, மூன்று மாதத்துக்கு அக்ரிமென்ட் போட்டோம். கெடு முடிய இருபது நாள் இருக்கும்போது பேங்க் வக்கீலிடமிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. வாரிசுச் சான்றிதழில் நான்கு பிள்ளைகள் பெயர் இருக்கிறது. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் மூன்றுதான் இருக்கிறது. நான்காவது பிள்ளை, தேவகி என்கிற மகள், கையெழுத்துப் போடாமல் லோன் பணம் வராது.

பெரிய அண்ணன் ஏகாம்பரத்துக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

"இன்னா சார் இது... தங்கச்சிக்கு நாங்க ஒரு கொற வெச்சதில்ல. அப்பா போனதுலேர்ந்து பதினாறு வருசமா பொங்க சீரு தவறாம பூடும். கரும்பு, மஞ்சக் கொத்து, பொடவ. நானே எடுத்துக்கினு போறேன். அதுக்கு மேல அது இன்னா கேக்கப்போது?"

அவர் நடிக்கவில்லை. சீர் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது என்றுதான் அந்த வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். கையெழுத்து வாங்கிவரச் சொல்லி பாபுவிடம் பேப்பரைக் கொடுத்து பொழிச்சலூருக்கு அனுப்பினார். தேவகி அங்கே கணவரோடு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பாபு ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

"டீ வாங்கிக் குட்த்தாங்க சார். குட்ச்சிட்டு பேப்பர எடுத்துக்கினு போன்னுட்டாங்க."

கெடு தாண்டினால் ரொக்கமாக வாங்கிக்கொள்ள இன்னொருவர் தயாராக இருந்தார். விலை குறைவு, ஆனால் அவருக்கு வக்கீலும் வேண்டாம், வாரிசும் வேண்டாம். எங்கள் அட்வான்ஸ் திரும்பி வரும் என்றார் பாபு. எப்போது என்று சொல்லவில்லை. ராத்திரி முழுக்க நான் அக்ரிமென்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். விஜயா மட்டும், "நாமளே போய்ப் பார்ப்போம்" என்றாள்.

போனோம். போகும்போது பஸ்ஸில் நான் ஒரு பிரசங்கம் தயார் செய்து வைத்திருந்தேன் — சட்டம், நியாயம், எங்கள் கஷ்டம் என்று மூன்று பகுதி. தேவகி அதற்கு இடமே கொடுக்கவில்லை. கடைக்குள் இரண்டு பெயின்ட் டப்பாக்களைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"பதினாறு வருசமா கரும்பு வருது சார். நான் வேணாம்னு சொன்னதில்ல. ஆனா அந்தக் கரும்பு நட்ட நெலம் இன்னா ஆச்சுன்னு ஒருத்தராவது ஒரு வார்த்த..."

தலைக்கு மேல் விமானம் ஒன்று இறங்கியது. பொழிச்சலூரில் யாரும் விமானத்தோடு போட்டி போட்டுப் பேசுவதில்லை. தேவகி அப்படியே நிறுத்தினார். அது போகும் வரை காத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து முடித்தார்.

"...சொன்னதில்ல."

விஜயா கேட்டாள். "நீங்க கேட்டீங்களா தேவகி?"

"கேட்டா சீரு நின்னுபூடும்கா. அண்ணன் என் வூட்டுக்கு வர்றது வருசத்துல அந்த ஒரு நாளுதான்."

திரும்பும் வழியில் விஜயா நேராகப் படப்பைக்கே போகச் சொன்னாள். ஏகாம்பரம் தன் வீட்டு வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். அவள் உட்காரக்கூட இல்லை.

"பேப்பரை அனுப்பாதீங்கண்ணா. நீங்க போங்க. நீங்க வராம போயிடுவீங்களோன்னுதான் அவங்க இத்தனை வருஷமா வாயைத் திறக்கல."

ஏகாம்பரம் துணியைப் பிழிந்தார். காய்ந்த துணி. ஆனாலும் கொஞ்ச நேரம் பிழிந்துகொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் போன் வந்தது. "தம்பிங்க கிட்ட பேசிட்டேன் சார். நீங்களும் மேடமும் கூட வாங்க."

பொங்கலுக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. ஆனாலும் ஏகாம்பரத்தின் கையில் ஒரு தட்டு, அதில் பழம், பூ, வெற்றிலை பாக்கு, ஒரு புடவை. கடையில் தேவகி ஒருவருக்குக் கால் கிலோ ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். அண்ணனையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாண்ணா... இப்போ இன்னா பொங்கலு?"

"வூட்டு காச நாலா பிரிக்கறோம்மா. நாலுல ஒண்ணு உன்து. நீ வந்து கையெழுத்துப் போடணும். அதான் கூப்புட வந்தேன்."

இந்த முறை விமானம் எதுவும் வரவில்லை. ஆனாலும் தேவகி தராசில் ஆணியைப் போட்டுக்கொண்டே இருந்தார். கால் கிலோ கேட்டவருக்கு முக்கால் கிலோவுக்கு மேல் போயிருந்தது. வாங்க வந்தவரும் நல்ல மனிதர், வாயைத் திறக்கவில்லை.

அடுத்த பத்து நாள் நான் தரையில் நடக்கவில்லை. காலை வாக்கிங் கோஷ்டியில் தினமும் இதே கதைதான். பெண்ணுக்குச் சொத்தில் பங்கு, சீர் வேறு உரிமை வேறு... நான் பேசிய பேச்சில் இரண்டு நாள் என் டீக்கு வேறொருவர் காசு கொடுத்தார். கதை நாளுக்கு நாள் மெருகேறியதில், படப்பைக்குப் போகச் சொன்னது நான்தான் என்றுகூட ஒருநாள் சொல்லிவிட்டேன்.

பதிவு நாள் வந்தது. அக்ரிமென்ட்டின் கடைசி நாளும் அதுதான். சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தோம். பேங்க் ஆள் நான்கு டி.டி.களோடு வந்திருந்தார். அதில் ஒன்றில் தேவகியின் பெயர்.

அண்ணன் தம்பிகள் மூவரும் பத்திரத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. தேவகி கேட்டு வாங்கினார். கடையில் சரக்கு பில் பார்க்கிற பழக்கம் — ஒவ்வொரு வரியின் கீழும் விரல் வைத்துப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

"சார், வாங்கறவங்கன்னு உங்க பேரு மட்டுந்தான் கீது. அக்கா பேரு எங்க?"

"அவ பேரு லோன்ல இருக்கும்மா" என்றேன்.

"லோன்ல கீது சார். வூட்ல எங்க?"

நான் பாபுவைப் பார்த்தேன். பாபு என்னைப் பார்த்தார். "நீங்க உங்க ஆதார் மட்டுந்தான் சார் குட்த்தீங்க." உண்மைதான். அந்த வரைவை நான் ஐந்து முறை படித்தேன். என் அப்பா பெயரில் ஓர் ஒற்று விட்டுப்போனதைக் கண்டுபிடித்துத் திருத்தவும் சொன்னேன். செயின் போன கழுத்தோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவளின் பெயர் விட்டுப்போனது கண்ணில் படவில்லை. கடனில் முப்பத்தெட்டு இடத்தில் இருந்தாள். வீட்டில் ஓர் இடத்திலும் இல்லை.

"நீயும் படிச்சியே... ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

விஜயா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்களா கேப்பீங்கன்னு பார்த்தேன்."

வெட்கமாக இருந்தது. பத்து நாள் ஊருக்கெல்லாம் பேசினவன் நான். ஏகாம்பரமாவது வருஷத்துக்கு ஒரு புடவை எடுத்துக்கொண்டு போனார்.

பாபு தலையில் கை வைத்தார். "பேர் சேர்த்தா பேங்க்ல மறுபடி பார்க்கணும், புதுசா டோக்கன் போடணும். ரெண்டு நாள் ஆயிடும் சார். அக்ரிமென்ட் இன்னியோட முடியுது."

தேவகி திரும்பினார். "அண்ணா."

ஒரே ஒரு வார்த்தைதான். ஏகாம்பரம் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பதினாறு வருசம் நாங்க கண்டுக்காம இருந்தோம். ரெண்டு நாள்ல இன்னா பூடப்போது? நான் எங்கியும் ஓடல. மாத்தி எழுது பாபு."

"ரெண்டு பேர் பேரும் போடு" என்றேன் நான். இன்னொன்றும் சொன்னேன். "அவங்க பேரை முதல்ல போடு."

விஜயா ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினாள். கல்யாண போட்டோவில் கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை.

மறுநாள் பேங்க் மேனேஜர் சொன்னது இன்னும் வேடிக்கை. "இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே சார். லேடீஸ் பேர் முதல்ல இருந்தா எங்க பேங்க்ல வட்டி கொஞ்சம் குறையும்." துளிதான் குறைந்தது. ஆனால் விஜயா ரஃப் நோட்டில் போட்டுப் பார்த்ததில், மாதா மாதம் காஸ் செலவில் ஒரு பங்குக்கு ஆகிறது. மறதிக்கு நான் வட்டி கட்டியிருப்பேன்... பன்னிரண்டு வருஷம்.

இரண்டு நாள் கழித்துப் பதிவு முடிந்தது. விற்பவர்களில் முதல் கையெழுத்தை தேவகியைப் போடச் சொன்னார் ஏகாம்பரம். விரல்ரேகை வைத்து, போட்டோ எடுத்து, டி.டி.யை வாங்கி, அதையும் விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் பைக்குள் வைத்தார் தேவகி. பிறகு அண்ணன்கள் மூவரையும் தன் காசில் சாப்பிடக் கூட்டிப்போனார். எங்களையும்தான். அப்படி ஒரு சாம்பார் சாதத்தை நான் இதுவரை சாப்பிட்டதில்லை.

குடிபோகும்போது பெயின்ட், குழாய், தாழ்ப்பாள் எல்லாம் தேவகி கடையில்தான் வாங்கினோம். ஒரு ரூபாய் தள்ளுபடி கிடையாது. "யாவாரம் யாவாரம்தான் சார்" என்று பில் போட்டார். பில்லில் வராத ஒரு பொட்டலத்தை மட்டும் விஜயாவின் கையில் வைத்தார். அரை கிலோ ஆணி.

"எங்க வேணா அட்ச்சிக்கோங்கக்கா. யாரும் கேக்கமாட்டாங்க."

போன ஞாயிற்றுக்கிழமை அதில் ஒன்றைத்தான் விஜயா அடித்தாள். முதல் அடி கட்டைவிரலில், இரண்டாவது அடி சுவரில். கொஞ்சம் காரை உதிர்ந்தது. யாரும் மாடியிலிருந்து இறங்கி வந்து கேட்கவில்லை. மாடியே இல்லை. போட்டோ சுவரேறியது. பீரோ கதவை நான் ஓங்கிச் சாத்திப் பார்த்தேன். நாங்கள் விழவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதன் கீழேயே நின்றோம். அவள் கண் கலங்கியிருந்தது. என்னுடையதும்தான், காரைத் தூசி என்று சொல்லிவைத்தேன்.

பொட்டலத்தில் இன்னும் நிறைய ஆணி மிச்சம் இருக்கிறது. நேற்று என் காலண்டரை மாட்ட ஒன்றை எடுத்தேன். பழக்க தோஷம், ஹவுஸ் ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டேன்.

"கிச்சன் சுவர்ல மட்டும் அடிக்காதீங்க" என்றாள்.