மரத்துப்போன கட்டைவிரல்

அந்த மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் பதினாறு வருடமாக எம்.ஆர்.ஐ. எந்திரத்தை இயக்கி வந்தவரை எல்லோரும் ‘ஸ்கேன் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் வட்டு ஈரத்தோடு இருந்தால் படத்தில் வெளுப்பாகத் தெரியும், காய்ந்துவிட்டால் கறுத்துப்போகும். வேறு எதற்கோ படமெடுக்க வந்தவர்களின், வலியே இல்லாத முதுகிலும் கறுத்த வட்டுகளை அவர் எத்தனையோ முறை பார்த்தாயிற்று. அதனால், முதுகு வலிக்கிறது என்று சொந்தக்காரர்கள் யார் வந்தாலும், “நாப்பது வயசானா தலை நரைக்கலையா, அந்த மாதிரிதான்” என்று சிரித்து அனுப்பிவிடுவார்.

அவருடைய தம்பி தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவன். நாள் முழுக்கக் குத்தவைத்துச் செய்கிற வேலை. முதுகு வலிக்கிறது என்று வந்த அவனையும் அப்படியே சொல்லி இரண்டு வருடம் அனுப்பிவைத்தார். ஒருநாள் போன் செய்தான்.

“அக்கா, கால் கட்டைவிரல் மரத்துப்போன மாதிரி இருக்கு.”

வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள். “உனக்கு வேலைக்குப் போகச் சோம்பல்டா. மாத்திரை போட்டுட்டுப் படு” என்று வைத்துவிட்டார். மரத்துப்போனால் சும்மா விடக்கூடாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. சாயங்காலம் கூப்பிடலாம் என்று நினைத்தார், மறந்தே போனார். அவனும் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அக்கா வீட்டுக்கு வந்தவன், ஒரு செருப்பு வழியிலேயே கழன்றது தெரியாமல் படியேறி வந்து நின்றான். பாதத்தைத் தூக்கச் சொன்னார். வரவில்லை.

மறுநாள் காலை அவரே படமெடுத்தார். இடுப்புப் பக்கம் ஒரு வட்டு பிதுங்கி நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. எந்திரத்துக்குள்ளிருந்து தம்பியின் குரல் வந்தது: “என்னக்கா, நரைமுடிதானே?”

அவர் மைக் பொத்தானை அழுத்தினார். “அசையாம இரு” என்று மட்டும் சொன்னார்.

“மரத்துப்போய் எத்தனை நாளாச்சு?” என்று கேட்டார் படத்தைப் பார்த்த அறுவை சிகிச்சை மருத்துவர்.

“ஒரு வாரம் இருக்கும்” என்றான் தம்பி, அக்காவைப் பார்க்காமல்.

“மூணு மாசம், டாக்டர்” என்றார் அக்கா. “எங்கிட்டதான் முதல்ல சொன்னான். நான்தான் காதுல போட்டுக்கல.”

மருத்துவர் அதை எழுதிக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அக்காவுக்கு.

ஆபரேஷனுக்குப் பிறகு வலி போய்விட்டது. பாதத்துக்குப் பாதி பலம்தான் திரும்பியது. இனி குத்தவைக்க முடியாது என்பதால் டைல்ஸ் கடையில் விற்பனைக்கு நிற்கிறான். “முட்டி தேயாம சம்பளம், எல்லாம் உன் புண்ணியம்” என்று கேலி செய்வான்.

தம்பி மனைவி மட்டும் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதுதான் நியாயம் என்று பட்டது அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த வீட்டுக்குப் போய், அவள் கோபத்துக்கு எதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார்.