வடிக்காத தண்ணீர்

அவருக்குப் பூத்தரகர் என்று பெயர் வைத்தது அவர் மனைவிதான். ஒரு விதைக் கம்பெனியின் கண்ணாடிக் குடிலில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். காயைத் துளைக்கும் புழு தின்றால் செத்துப்போகும்படி மரபணுவை மாற்றிய கத்தரிச் செடியை ஆய்வகத்தில் உருவாக்கிக் கொடுப்பார்கள். அதன் மகரந்தத்தை மற்ற ரகங்களின் பூவில் தடவுவது இவர் பொறுப்பு. விடிந்ததும் இடுக்கியோடு உட்கார்ந்து, மலராத மொட்டைப் பிரித்து ஆண் பாகத்தைக் கிள்ளி எடுக்க வேண்டும். பிறகு மகரந்தம் தடவி, காகித உறை மாட்டி, தேதி எழுத வேண்டும்.

"ஆயிரம் பூவுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சு தேதி எழுதுற மனுஷனுக்கு, சொந்தக் கல்யாண நாள் மட்டும் ஞாபகம் வராது சிஸ்டர்" என்பாள் அந்த அம்மா.

அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் போனேன். வீட்டு நோயாளிகளைக் கவனிக்கப் பயிற்சி பெற்றவள் நான். வாரம் மூன்று நாள் அவளை டயாலிசிஸுக்கு அழைத்துப் போய் வருவேன். பதினெட்டு வருடச் சர்க்கரையில் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. மருத்துவர் அப்படித்தான் எழுதியிருந்தார். புருஷன் ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் இருந்தது. சோதனைக்கு விளைந்த காய்களைக் குழியில் போட்டு அழிக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. தின்கிற பொருளைப் புதைக்க மனசு வராமல், நாலைந்து தடவை ஒரு பை நிறைய வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

"புழுவைக் கொன்னது இவளை மட்டும் சும்மா விடுமா அக்கா?"

"நீங்களும்தானே தின்னீங்க தம்பி? உங்க கிட்னிக்கு என்ன ஆச்சு?"

"அவருக்கு ஒண்ணும் ஆகாது சிஸ்டர். அவரைக் கடிச்சா புழுதான் சாகும்" என்று கட்டிலில் இருந்து குரல் வந்தது.

அவர் சிரிக்கவில்லை. வேலையை விட்டார். மாடியில் தொட்டி தொட்டியாக மண் நிரப்பி, மக்கிய இலையும் சாணமும் போட்டு, விதை சேகரிப்பவர்களிடம் கேட்டு வாங்கிய பழைய ரகங்களை ஊன்றினார். கடைத் தக்காளி ஒன்று, தன் தக்காளி ஒன்று என்று மேசையில் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டுவார். "இது பதினஞ்சு நாளா கல்லு மாதிரி இருக்கு. நம்மது மூணே நாள்ல கனிஞ்சு போச்சு. எதுல உயிர் இருக்கு, நீங்களே சொல்லுங்க." கடைத் தக்காளி வெறும் வீரிய ஒட்டு ரகம், அதில் யாரும் மரபணுவைத் தொடவில்லை என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கடையில் விற்பது எல்லாமே அவருக்கு விஷமாகிவிட்டது. அவர் பழத்தை நானும் தின்று பார்த்தேன். ருசிதான், அதை மறைக்க மாட்டேன்.

இங்கே என் தவறை எழுத வேண்டும். காய்கறியில் பொட்டாசியம் உண்டு. கெட்டுப்போன சிறுநீரகம் அதை வெளியே தள்ளாது. சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் இதயத்தை நிறுத்திவிடும். அதனால் காயை மெல்லிசாக நறுக்கி ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். பிறகு நிறையத் தண்ணீரில் வேகவைத்து அதையும் வடிக்க வேண்டும். முதல் வாரமே அவர் அடுப்படியில் செய்து காட்டினேன். வாசலில் வண்டி காத்திருந்தது. "எந்தக் காயானாலும் தண்ணிய வடிச்சிடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஏன் என்று சொல்லவில்லை. அன்று பலகையில் இருந்தது கடைக்காய். கடைக்காயின் விஷம் போகத்தான் வடிக்கச் சொல்கிறேன் என்று அவர் காரணத்தைத் தானே வைத்துக்கொண்டார்.

தினச் சமையலுக்கே போதும்படி மாடியில் காய்க்கத் தொடங்கியபோது நான் கண் அறுவைச் சிகிச்சைக்காகப் பத்து நாள் விடுப்பில் இருந்தேன். தன் காய்க்கு ஏன் வடிக்க வேண்டும்? தக்காளி, பூசணி, கீரை எல்லாவற்றையும் போட்டுக் காய்ச்சி, அந்தத் தண்ணீரையே சூப்பாகக் கொடுத்திருக்கிறார். ஆறாம் நாள் போன் வந்தது.

"கால் கனமா இருக்குங்கறா அக்கா. உதடு மரத்த மாதிரி இருக்காம்."

"போனை வெச்சிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க!"

கிளம்பினார். வழியில் தெம்பு வேண்டுமே என்று ஒரு டம்ளர் சூப் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அவசரப் பிரிவுக் கட்டிலில் படுக்க வைக்கும்போதே இதயம் நின்றுவிட்டது. பொட்டாசியம் கூடிவிட்டது என்று மட்டும் அவரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து வேறொரு நோயாளியோடு அதே டயாலிசிஸ் மையத்துக்குப் போனேன். இரண்டு துணிப்பைகளோடு பூத்தரகர் நின்றுகொண்டிருந்தார். அவர் மனைவிக்கு எப்போதும் பக்கத்துக் கட்டிலில் படுக்கும் லாரி டிரைவரின் கையில் தக்காளியைத் திணித்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி வடிக்கவே வேணாம்பா. மருந்தடிக்காத காய். அவ இதைத்தான் ஆசையா சாப்பிட்டா."

கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து பெஞ்சில் உட்கார வைத்தேன். நான் எதுவும் கேட்கும் முன்பே அவர் சொன்னார்: "அந்த உருளைக்கிழங்குதான் அக்கா. ஒரு நாள் மாடியில காய் போதல. கடையில நாலு வாங்கிட்டேன். வடிச்சுத்தான் போட்டேன். சரியா வடியல போலிருக்கு."

உருளைக்கிழங்கின் மேலேயே பழி இருக்கட்டும் என்று விட்டிருப்பேன். உள்ளே பதினெட்டுப் பேர் படுத்திருந்தார்கள்.

"உருளைக்கிழங்கு இல்ல தம்பி. உங்க காயிலயும் அதே பொட்டாசியம் இருக்கு. மரபணு மாத்தினது, நாட்டு ரகம், எரு போட்டது, உரம் போட்டது, கெட்ட கிட்னிக்கு எல்லாம் ஒண்ணுதான். காரணத்தை நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லாம போனது என் தப்பு."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அப்ப அந்தக் கடைசி டம்ளர்?"

"அதுவும்தான்."

பிறகு, "நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் ஊத்துங்கன்னு கேட்டாளே அக்கா. என் மனசு கோணக் கூடாதுன்னு சொன்னாளா?"

இரண்டு வருடமாக வேகவைத்து வடித்த சக்கையைத் தின்றவள் அவள்.

"இல்ல தம்பி. நிஜமாவே நல்லாத்தான் இருந்திருக்கும்."

அதற்குத்தான் அவர் அழுதார். அழட்டும் என்று விட்டுவிட்டு உள்ளே போய், கட்டில் கட்டிலாக நின்று காய்களைத் திரும்ப வாங்கினேன். எல்லாரும் கொடுத்துவிட்டார்கள். டிரைவர் மட்டும் தக்காளியைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு இருக்கட்டும் சிஸ்டர். திங்க மாட்டேன், மோந்து பாத்துக்கறேன்."

கையை நீட்டினேன். கொடுக்கும் வரை நீட்டிக்கொண்டே நின்றேன்.