இல்லை என்று சொல்லக் கற்றுக்கொடுத்தேன்

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வாசல் வாசலாக நிமிர்ந்து பார்த்துக்கொண்டே போகிறேன். கோலத்தைப் பார்ப்பதில்லை. நிலைக்கு மேலே பார்க்கிறேன். கெலமங்கலத்துக்கு வந்த முதல் வருஷம் எனக்கு இந்தப் பழக்கம் கிடையாது. இப்போது விட முடியவில்லை. கிணற்றடிப் பெண்கள் பேசுவது என் காதில் விழும்படியாகவே இருக்கும். "அந்த நர்சம்மா ஊடு ஊடா மேல பாத்துக்கினு போவுதே, ஓடு எண்ணுதா என்னா?" "ஓடு எண்ணினா பரவால்லடி, கண்ணு வெச்சா என்னா பண்றது?" சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது, பயம்தான் வரும். எந்த நிலையிலாவது புதுசாக வேப்பிலை செருகியிருக்கிறதா என்று பார்க்கிறேன். செருகியிருந்தால் அந்த வீட்டுக்குள் அம்மை இருக்கிறது.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். வடக்கே வேலை கிடைக்கிறது என்று கிளம்பும் நம் ஊர் நர்ஸ்களுக்கும் சொல்கிறேன். இது மெட்ராஸ் ராஜ்யம்தான், சேலம் ஜில்லாதான். ஆனால் நாம் நினைக்கிற தமிழ்நாடு இல்லை. ஒரு பிரசவத்துக்குப் போனால் வலியில் கிடக்கிறவள் தெலுங்கில் கத்துவாள், மாமியார் கன்னடத்தில் அதட்டுவாள், புருஷன் வெளியே நின்று தமிழில் அழுவான். தேரிமணலில் வெந்து வளர்ந்த எனக்கு இங்கே மார்கழிக் குளிரில் விரல் மடங்காது. மூன்று வேளையும் ராகிக் களி. நம் ஊரில் ஒரு தெருவுக்கு ஒரு நர்ஸ் இருக்கிறாள். கோயில் மணி அடித்ததும் வெள்ளைச் சேலையில் பிள்ளைகள் டிரெயினிங்குக்குக் கிளம்பிப் போவதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இங்கே, "பீ மூத்திரம் அள்ற வேலைக்கா எம் பொண்ணை அனுப்பச் சொல்றீங்க?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள்.

கேட்டவர் வெங்கடப்பா. கெலமங்கலத்திலிருந்து இரண்டு மைல் தள்ளி ராகியும் கொள்ளும் விதைக்கிறவர். அவருடைய மூத்த மகள் ரத்தினம்மா எட்டாவது பாஸ் செய்துவிட்டு இரண்டு வருஷமாக மாடு மேய்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை என்னிடம் வந்து, "நாலு பிள்ளைகளுக்கு உங்க வேலையைக் காட்டுங்க சிஸ்டர், யாருக்குப் பிடிக்குதுன்னு பாப்போம்" என்றார். எனக்கு அதற்கு நேரமில்லை. ஆனாலும் சரி என்றேன். ஆஸ்பத்திரியில் நான் ஒருத்திதான். ஒரு டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். இன்னும் இரண்டு கை இருந்தால் நன்றாக இருக்கும் என்ற சுயநலம்தான். சேவை, தியாகம் என்று மேடையில் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவர்கள் யாரும் பெட்பேன் கழுவியது கிடையாது.

சனிக்கிழமை காலையில் நாலு பெண்கள் வந்தார்கள். வாரத்தில் ஒரு நாள்தானே என்று வெங்கடப்பா விட்டதால் ரத்தினம்மாவும் வந்தாள். நான் நல்லதை முதலில் காட்டவில்லை. அன்றைக்கு ஒரு குடியானவருக்குத் தொடையில் கட்டி கீறவேண்டியிருந்தது. நாலு பேரையும் நிறுத்திவைத்துக் கீறினேன். இரண்டு பேர் வாசலுக்கு ஓடினார்கள், திரும்ப வரவே இல்லை. டீக்கடைக்காரர் மகள் கமலா நின்ற இடத்திலேயே சரிந்தாள். ரத்தினம்மா பேசினை நகர்த்தாமல் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க அக்கா, இந்தப் பக்கம்" என்று காட்டினாள். மாட்டுக்கு இதைவிடப் பெரிய கட்டி பார்த்திருக்கிறாளாம். மயங்கி விழுந்த கமலா அடுத்த வாரமும் வந்தாள். அந்தத் தைரியத்துக்காக அவளையும் வைத்துக்கொண்டேன். சோப்பு போட்டு முழங்கை வரை கழுவுவது, தெர்மாமீட்டர் பார்ப்பது, நாடி எண்ணுவது, கொதித்த தண்ணீரில் ஊசி எடுப்பது எல்லாம் ஏழு மாதம் சொல்லிக்கொடுத்தேன். கோபம் வந்தால் நம் ஊர்ப் பேச்சில் "ஏளா" என்று கத்துவேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொண்டு சிரிப்பார்கள்.

பெங்களூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவ நர்ஸ் டிரெயினிங்குக்குப் பெண்களை எடுத்தார்கள். நேரில் கூப்பிட்டுப் பேசித்தான் எடுப்பார்கள். அதற்கு முந்தின வருஷம் நான் அனுப்பிய ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் யாருக்காவது நோய் உண்டா என்று கேட்டதற்கு, அத்தைக்கு இருமல், தாத்தாவுக்கு இளைப்பு, பெரியப்பாவுக்கு வயிற்றுவலி என்று ஊர்க்கதை முழுக்கச் சொல்லியிருக்கிறாள். மேட்ரன் காசநோய் என்று பயந்துவிட்டார். அந்த எரிச்சல் எனக்குப் போகவில்லை. அதனால் இந்த இரண்டு பேரையும் ஒவ்வொரு சனிக்கிழமையும் நிற்கவைத்துக் கேட்டேன்.

"வீட்டில் யாருக்காவது நோய் உண்டா?"

"இல்லை சிஸ்டர்."

"இழுக்காமச் சொல்லணும். கண்ணைப் பார்த்துச் சொல்லணும். உண்டா?"

"இல்லை சிஸ்டர்!"

இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். என் வாயால்தான் சொல்லிக்கொடுத்தேன்.

பெங்களூருக்கு அனுப்ப வெங்கடப்பா எப்படிச் சம்மதித்தார் என்று கேட்பீர்கள். நான் சம்மதிக்கவைக்கவில்லை. அவர் மனைவிக்குக் கடைசிப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போனபோது மாட்டுவண்டியில் என்னிடம் கொண்டுவந்தார்கள். ரத்தினம்மா என் பக்கத்தில் நின்று வேலை செய்ததை அவர் கதவிடுக்கில் பார்த்திருக்கிறார். மறுவாரம் ஒரு மூட்டை அவரைக்காயோடு வந்து, "கூட்டிக்கினு போங்க நர்சம்மா. ஆனா அவளுக்கு அங்க கோழி கீழி போட்டுக் கெடுத்துடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

ஒரு புதன்கிழமை கிளம்பினோம். கெலமங்கலத்திலிருந்து ஓசூர், அங்கே பஸ் மாறி பெங்களூர். ரத்தினம்மா தலைக்குக் குளித்து ஈரம் காயாமல் வந்தாள். பூ வைக்கவில்லை. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வடை வாங்கிக் கொடுத்தேன். கமலா தன்னுடையதைத் தின்றுவிட்டு ரத்தினம்மாவுடையதையும் தின்றாள். "ஏன்ட்டி சாப்பிடல?" என்று கேட்டேன். "எண்ணெய்ல போட்டது வேணாங்க அக்கா" என்றாள். பயத்தில் வயிறு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நர்ஸாக இருந்துகொண்டு இப்படி நினைத்தேன்.

அன்றைக்கே ரத்தினம்மாவை எடுத்துக்கொண்டார்கள். வெள்ளைக்கார மேட்ரன் இங்கிலீஷில் கேட்க, பக்கத்தில் நின்ற சிஸ்டர் தமிழில் சொன்னார். நோய் கேள்வி வந்தது. ரத்தினம்மா கண்ணைப் பார்த்து, இழுக்காமல், "இல்லை சிஸ்டர்" என்றாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து பெருமைப்பட்டேன். கமலாவுக்கு வயசு போதவில்லை, அடுத்த வருஷம் வரச் சொன்னார்கள். ரத்தினம்மாவைத் துணிப்பையோடு ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தோம். முப்பது பெண்கள் பாய்க்குப் பாய் ஒட்டிப் படுக்கிற ஹாஸ்டல். சுவருக்கு அந்தப் பக்கம் பிறந்த குழந்தைகள் வார்டு.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு நல்ல செய்தி சொல்லப் போனேன். தூரத்திலேயே தெரிந்தது. நிலையில் வேப்பிலை. காய்ந்த கொத்து ஒன்று, அதன்மேல் புதுக்கொத்து ஒன்று.

ரத்தினம்மாவின் தாய் வாசலிலேயே என்னை மறித்தாள். "ராவத்து, ராவத்து!" என்றாள். வராதே என்று தெலுங்கில் சொல்கிறாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மவாரு வச்சிந்தி" என்றாள். மாரியம்மன் வந்திருக்கிறாள் என்று அர்த்தம். அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கடைசிக்கு முந்தின பெண், ஐந்து வயசு இருக்கும், வேப்பிலைமேல் படுத்திருந்தாள். பெரியம்மை, முகத்தில் விரல் வைக்க இடமில்லை. எத்தனை நாள் என்று கேட்டேன். ஒன்பது நாள். ரத்தினம்மா கிளம்பியபோது ஐந்தாவது நாள். அதுவரை தங்கைக்குத் தண்ணீர் கொடுத்தது, புரட்டிப் போட்டது, பக்கத்தில் படுத்தது எல்லாம் ரத்தினம்மா. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. அது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நம் ஊரிலும் பக்கத்துத் தெருவில் பார்த்துத்தானே வளர்ந்தேன். வேதக்கார வீட்டில், கிறிஸ்தவ வீட்டில் பிறந்ததால் அது அவர்கள் சங்கதி என்று ஒதுக்கிவைத்திருந்தேன். வடை வேண்டாம் என்று அவள் சொன்னபோது என் மூளை எங்கே போயிருந்தது?

வெங்கடப்பா என் காலில் விழ வந்தார். "சொல்லிடாதீங்க நர்சம்மா. எம் பொண்ணைத் தொரத்திடுவாங்க. சர்க்கார்ல சொன்னீங்கன்னா அம்மை குத்தறவன் வந்து ஊரையே குத்திடுவான். எங்களை ஊர்ல வெக்கமாட்டாங்க." ஏழு மாதத்துக்கு முன்னால் பீ அள்ளும் வேலை என்றவர் இவர்தான்.

நான் உடனே ஓடினேன் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் அது பொய். திங்கட்கிழமை முழுக்க ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். ரத்தினம்மாவின் கையில் கைக்குழந்தையில் அம்மை குத்திய தழும்பு இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொன்னேன். பதினேழு வருஷத்துத் தழும்பு எவ்வளவு காப்பாற்றும் என்பது தெரிந்தும் சொன்னேன். என் வேலை போய்விடும் என்று பயந்தேன். அந்தப் பெண்ணின் பிழைப்பு போய்விடும் என்று பயந்தேன். எந்தப் பயம் பெரியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒருத்தி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அந்தக் குழந்தையின் வாயைப் பார்த்தேன், பெங்களூர் வார்டுக் குழந்தைகள் நினைவுக்கு வந்தன. அதற்குமேல் உட்கார முடியவில்லை. அம்மை குத்துகிறவருக்கு ஆள் அனுப்பிவிட்டு, செவ்வாய்க்கிழமை முதல் பஸ் ஏறினேன்.

நடந்ததையெல்லாம் சொன்னபோது மேட்ரன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரத்தினம்மாவைக் கூப்பிட்டு வந்து முற்றத்தில் பத்தடி தள்ளி நிற்கவைத்தார்கள். "உன் சிஸ்டரே உனக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தார்களா என்று கேட்கிறார்" என்று அந்தத் தமிழ் சிஸ்டர் மொழிபெயர்த்தார்.

ரத்தினம்மா என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். "நான் எங்கங்க அக்கா பொய் சொன்னேன்? நோய் உண்டான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். மாரியாத்தா ஊட்டுக்கு வந்திருக்கிறதைப் போயி நோய்னு சொல்லுவாங்களா? வாய் அழுகிடாதா?"

அந்த சிஸ்டர் இதை மொழிபெயர்க்கத் தடுமாறினார். மேட்ரன் திரும்பத் திரும்ப, "யார் வந்தது? விருந்தாளியா?" என்றே கேட்டார். நான் என் அரைகுறை இங்கிலீஷில் விளக்கினேன். எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. தப்பு பிள்ளையுடையது இல்லை, என்னுடையது என்பதை மட்டும் இரண்டு தடவை தெளிவாகச் சொன்னேன். அன்றே ஹாஸ்டலில் எல்லோருக்கும் குத்தினார்கள், எனக்கும் குத்தினார்கள். ரத்தினம்மாவின் துணிகளை வேகவைத்து, அவளைத் தோட்டத்துக் கோடியில் ஒரு கொட்டகையில் தனியாகப் பூட்டினார்கள். வீட்டைவிட்டு வந்த நாளிலிருந்து பதினாறு நாள். நான் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி கண்ணு தொறந்தாளா அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

திரும்பும் வழியில் எல்லையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். நம் ராஜ்யத்தில் மதுவிலக்கு ஆயிற்றே. போலீஸ்காரர் என் பையிலிருந்த பாட்டிலை எடுத்தார். "என்னாம்மா இது?" "ஸ்பிரிட்." "அதைத்தானே நாங்க காலைலேர்ந்து தேடிக்கினு இருக்கறோம்" என்று மோந்து பார்த்தார். பஸ் முழுக்கச் சிரித்தது. ஒரு பாட்டிலை நிறுத்த இங்கே ஆள் இருக்கிறது. போன புதன்கிழமை நான் எல்லை தாண்டிக் கொண்டுபோனதை நிறுத்த யாரும் இல்லை.

அந்தப் பதினாறு நாள் முடியும்வரை நான் எப்படிக் கழித்தேன் என்று எழுத முடியாது. கமலாதான் தினமும் வந்து, "அக்கா, எனக்கு ஒன்னும் இல்ல, பாருங்க" என்று கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போவாள். கடைசியில் மேட்ரனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை, ரத்தினம்மா வார்டில் வேலை தொடங்கிவிட்டாள். நன்றி என்றோ மன்னித்தேன் என்றோ ஒரு வார்த்தை இல்லை. அது போதும். தங்கச்சியும் பிழைத்தாள். ஒரு கண் போய்விட்டது.

இப்போது சனிக்கிழமைப் பெண்கள் ஐந்து பேர் வருகிறார்கள். நோய் உண்டா என்று நான் கேட்பதில்லை. "நேத்து உங்க வீட்ல தாளிச்சாங்களா?" என்று கேட்கிறேன். வடக்கே வரும் நம் ஊர் நர்ஸ்களே, நீங்களும் இப்படிக் கேளுங்கள்.

இன்னும் ஒன்று. பெங்களூரில் குத்திவிட்டு வந்த மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல் கண்டது. ஊசியினால் வரும் காய்ச்சல்தான் என்று தெரியும். ஆனால் நானும் அம்மை கண்ட அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தவள். கண்ணாடியில் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் கதவைச் சாத்திக் கிடந்தேன். எழுந்து வந்தபோது என் வாசல் நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. கிணற்றடியில் என்னைக் கேலி செய்கிற பெண்களில் ஒருத்தி, முனியம்மா, செருகியிருக்கிறாள். "உள்ள யாரும் போவக்கூடாதுன்னு ஊருக்குத் தெரிய வேணாங்களா?" என்றாள். நான் எழுதிவைத்த எந்த அறிவிப்பும் இவ்வளவு ஒழுங்காக ஆட்களை நிறுத்தியது கிடையாது.

அந்த வேப்பிலைக்கு மேலே அம்மா ஊரிலிருந்து தபாலில் அனுப்பிய குருத்தோலைச் சிலுவை இருக்கிறது, பனங்குருத்தில் செய்தது. இரண்டும் காய்ந்து ஒரே நிறமாகிவிட்டன. நான் இரண்டையும் எடுக்கவில்லை. காலையில் கதவைப் பூட்டிவிட்டு முதலில் நிமிர்ந்து பார்ப்பது என் வாசலைத்தான்.