வின்சனின் மரவளையம்

வின்சனை முல்லைத்தீவுக் கரையில் எல்லாருக்கும் இரண்டு விஷயத்துக்காகத் தெரியும். உடைந்த ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுவது ஒன்று, ஞாயிற்றுக்கிழமைகளில் செபஸ்தியார் கோயிலில் ட்ரம் அடிப்பது மற்றது. சோறு போடுவது படகுதான். ஆனால் ஆளைக் கேட்டுப் பாருங்கள், தான் ஒரு ட்ரம்காரன் என்றுதான் சொல்வான். நாற்பத்தாறு வயதில் இந்தக் கதை கொஞ்சம் அதிகம்தான்.

அவன் அடித்தால் அடிதான். பூசைக்குப் போகாமல் வீட்டில் குப்புறக் கிடப்பவன்கூட, இப்போது காணிக்கைப் பாட்டு நடக்கிறது என்று பாயில் இருந்தபடியே சொல்லிவிடுவான். கோயில் பாடகர் குழுவின் நடுவில் நின்று தனிக்குரல் எடுப்பவள் வின்சனின் மனைவி ஜோசப்பின். கலியாணம் முடித்துப் பத்தொன்பது வருடம், அவளுக்கு ஒரே முறைப்பாடு.

“இஞ்சேருங்கோ, நான் பாடுறது மாதாவுக்காவது கேக்குதோ? உங்கட இரும்புச் சத்தத்துக்கை என்ர குரல் செத்துப்போகுது.”

வின்சன் சிரித்துக்கொண்டு போய்விடுவான். சிரிப்பு நின்றது கோயிலுக்குப் புது ஓர்கன் வந்த அன்று. பாடகர் குழுவை நடத்துகிற ஜெயரூபினி ரீச்சர் அவனைக் கூப்பிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“வின்சன் அண்ணை, செபஸ்தியார் திருநாளுக்குள்ளை உந்தச் சத்தத்துக்கு ஒரு வழி பாருங்கோ. இல்லாட்டி ஓர்கனிலை ஒரு பொத்தான் இருக்கு. அமத்தினால் ட்ரம் தானா அடிக்கும். நீங்கள் சனத்தோடை இருந்து பூசை காணலாம்.”

பொத்தான்! ஒரு மனிதனை ஒரு பொத்தான் கதிரையை விட்டு எழுப்பிவிடுவதா? வின்சனுக்கு அன்றிரவு மீன் குழம்பு இறங்கவில்லை. ட்ரம்முக்குப் பின்னால் இருக்கிற அந்த மூலைக் கதிரையில் தான் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மெல்ல அடித்தால் போச்சு என்பீர்கள். அவனும் அடித்துப் பார்த்தான். படகில் சுத்தியல் பிடித்த கை அது, மெல்ல என்பது அதற்குத் தெரியாது. நாலாவது அடியில் பழையபடி கோயில் அதிரும். அப்போதுதான் போனில் ஒரு வெள்ளைக்காரனின் வீடியோவைக் கண்டான். பேசியது ஒன்றும் விளங்கவில்லை, அடித்தது விளங்கியது. அவனுடையதைப் போல இரும்பு வளையம் பூட்டிய ட்ரம்மின் விளிம்பில் தட்டினால் ‘டாங்’ என்று காதைக் குத்துகிறது. அதே ட்ரம்முக்கு மரவளையம் பூட்டித் தட்டினால் ‘டொக்’. தோலில் அடிக்கும்போதும் சத்தம் பரவி அலறாமல் உருண்டு திரண்டு உள்ளுக்குள்ளேயே நிற்கிறது. பார்க்கவும் அந்த ட்ரம் வடிவோ வடிவு.

“கை திருந்தாட்டி வளையத்தைத் திருத்துவம்” என்று வின்சன் கிளம்பிவிட்டான்.

மரத்தை வளைப்பது லேசுப்பட்ட வேலையா? மெல்லிசாகச் சீவிய முதல் பட்டை ‘படக்’ என்று முறிந்தது. இரண்டாவது முறிந்து மூக்கில் அடித்தது. மூன்றாவதும் முறிய, புதுப் பட்டைகளைக் கட்டிக்கொண்டு அவன் முள்ளியவளைக்கு பஸ் ஏறினான். அங்கே அவனுடைய சிநேகிதன் செல்வநாயகம் வயல் செய்கிறவன். வீட்டில் நெல் அவிக்கிற பெரிய கிடாரம் இருக்கிறது.

“நெல்லோடை சேத்து இதையும் அவிச்சுத் தாரும்” என்றான் வின்சன்.

செல்வநாயகம் பட்டைகளையும் பார்த்தான், வின்சனையும் பார்த்தான். “உமக்கு விசரே? என்ர மனுசி கண்டால் ரெண்டு பேரையும் சேத்து அவிப்பா.”

ஆனாலும் அவித்தான். ஆவியில் இளகிய பட்டைகள் சொன்ன சொல் கேட்டன. மூன்று மூன்று பட்டைகளாக ஒன்றின்மேல் ஒன்று வளைத்து, படகுக்கு ஒட்டுகிற பசையாலேயே ஒட்டி, ட்ரம்மின் மேலுக்கும் கீழுக்குமாக வளையங்கள் இரண்டு செய்து முடித்தான் வின்சன். மரம் தடிப்பானதால் பழைய ஆணிகள் எட்டவில்லை. அதற்கென்ன, நைலோன் கயிற்றால் வலைக்காரன் முடிச்சுப் போட்டு இறுக்கினான். அதோடு விட்டானா? படகுக்கு அடித்து மிஞ்சிய நீலத்தை வளையத்துக்கு அடித்து, நடுவில் சிவப்புக் கோடு இழுத்து, பழக்கதோஷத்தில் ‘செபஸ்தியார் துணை’ என்றும் எழுதி, பக்கத்தில் ஒரு பதிவு இலக்கமும் போட்டுவிட்டான். யாருடைய படகின் இலக்கம் என்று அவனுக்கே தெரியாது.

“வடிவாத்தான் இருக்கு” என்றாள் ஜோசப்பின். “எப்ப கடலிலை இறக்கப் போறியள்?”

திருநாளும் வந்தது. கோயில் நிறைந்து முற்றம் வரை சனம். ஓர்கன் பொத்தானுக்குப் பக்கத்திலேயே விரலை வைத்துக்கொண்டு ஜெயரூபினி ரீச்சர் காத்திருந்தார். வின்சன் செபஸ்தியாரைக் கும்பிட்டுவிட்டு அடித்தான். டொக். டும் டும் டொக். என்ன ஒரு இதமான சத்தம்! ரீச்சரின் விரல் பொத்தானை விட்டு விலகியது. வின்சனுக்குக் கண் கலங்கிவிட்டது, கதிரை தப்பியது.

அப்போதுதான் ஜோசப்பின் தனிக்குரல் எடுத்தாள்.

வீட்டில் அவள் முணுமுணுப்பதோடு சரி; பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக வின்சன் தன் மனைவி பாடுவதைக் கேட்டான். ஊரும் கேட்டது. ஐயோ! ஓர்கன் ஒரு பக்கம் போக, அவள் இன்னொரு பக்கம் போனாள். உயர எடுக்கிற இடத்தில் கண்ணை மூடி, கையை விரித்து, ஒரேயடியாக எடுத்தாள். ரீச்சர் வாயைப் பொத்தினார். பூசை வைத்த சுவாமி திரும்பிப் பார்த்தார். முன்வரிசைப் பெடியள் தோள் குலுங்கக் குனிந்தார்கள்.

அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. முகம் முழுக்கச் சந்தோஷம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வின்சனால் இருக்க முடியவில்லை. ஒருத்தரும் அவளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஓங்கி அடித்தான். டொக். இன்னும் ஓங்கி அடித்தான். டொக். மரவளையம் ஒத்துழைக்க மறுத்தது. துள்ளி எழும்பி, பின்னால் நின்ற பாட்டுப் புத்தக இரும்பு அலுமாரியில் இரண்டு தடியாலும் விளாசினான். டாங்! டாங்! டாங்! பாட்டு முடியும்வரை விடவில்லை. அலுமாரிக்கு மேலே இருந்த பூச்சாடி விழுந்தது தனிக் கதை.

பூசை முடிய ரீச்சர் அவனைப் பின்பக்கம் கூப்பிட்டார். சரி, பொத்தான்தான் என்று தலையைக் குனிந்துகொண்டு போனான்.

“அண்ணை, பதினொரு வருசமா அவாவை நடுவிலை நிக்க விட்டிருக்கிறன்” என்றார் ரீச்சர் மெல்லிய குரலில். “பாட்டுப் பழகிற நேரமும் உங்கட ட்ரம்தான். நான் ஒருநாளும் கேட்டதில்லை. சத்தியமாக் கேட்டதில்லை. வாற ஞாயிறு பழைய வளையத்தைப் போடுங்கோ. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

கதிரை நிலைத்தது. ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் ஜோசப்பினின் கால் நிலத்தில் படவில்லை.

“பாத்தியளே, நீங்கள் அலுமாரியைப் போட்டு உடைச்சும் எல்லாச் சனமும் என்னையே திரும்பித் திரும்பிப் பாத்தது! சுவாமியும் பாத்தவர். இத்தனை வருசமும் என்னை மூடி வைச்சிட்டியள். இனி இந்த மரவளையம் தான். கழட்டினால் இருக்கு.” பிறகு, “நான் எப்பிடிப் பாடினனான்?” என்று கேட்டாள்.

“உம்மைப்போல ஆர் பாடுவினம்?” என்றான் வின்சன்.

வியாழக்கிழமை அவளில்லாத நேரம் பார்த்து மரவளையத்தைக் கழற்றிப் படகுக் கொட்டிலில் ஒளித்துவிட்டு, மழை ஈரத்தில் ஊதி வெடித்துப் போச்சு என்று சொன்னான். அவள் நம்பினாளோ என்னவோ, விட்டுவைக்கவில்லை. பொறாமை பிடித்த மனுசன் என்றாள். பெண்சாதி முன்னுக்கு வந்தால் பொறுக்காது என்றாள். இரண்டு நாள் சோற்றை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனாள். வின்சன் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டான். உள்ளதைச் சொல்லிவிட்டால் அவளிடமிருந்து அந்தத் திருநாளைப் பறித்ததாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஜோசப்பின் பழையபடி நடுவில் நின்றாள். பாடத் தொடங்குமுன் திரும்பி அவனை ஒரு முறை முறைத்தாள். பிறகு கண்ணை மூடி, தன் முழுப் பலத்தோடும் எடுத்தாள். வின்சனும் தன் முழுப் பலத்தோடும் அடித்தான்.