ஹாரன் அடிக்காத ஜீப்

மன்னவனூர் புல்மேட்டில் மூடுபனி இறங்குகிறது. ஜீப்பிலிருந்து இறங்கிய என் மகள் பவானியைக் காணவில்லை. பத்து வயது. பேச்சு வராது, கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். உரத்த சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கண்மண் தெரியாமல் ஓடுவாள். கொடைக்கானல் ஏரிக்கரை இரைச்சல் தாங்காமல் அழுதாள் என்றுதான் இந்த ஆளில்லாத இடத்துக்குக் கூட்டி வந்தேன்.

"ஹாரன் அடிக்கட்டுமாண்ணே? பனியில ஆள் தப்பிட்டா நாங்க அதத்தான் செய்வோம்," என்கிறார் டிரைவர்.

"வேணாம் தம்பி, மிரண்டு ஓடிருவா. அங்கிட்டு பள்ளம் கெடக்குன்னீங்களே."

"அப்ப என்னதாண்ணே செய்றது?"

அவளைத் தூங்கவைக்க வீட்டில் வாயை மூடியபடி 'ம்ம்' என்று ஒரே சுரத்தில் இழுப்பேன். பிறத்தியார் முன்னால் கூச்சமாக இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு இழுக்கிறேன்.

நான் நிறுத்திய பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. பின்னாலிருந்து வருகிறது. இடப்பக்கமிருந்தும் வருகிறது.

டிரைவர் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொள்கிறார். "பாப்பா ஒருத்திதானண்ணே? ரெண்டு பக்கமும் கேக்குதே."

இடப்பக்கமிருந்து முதலில் செம்மறிகள் வருகின்றன, குளம்போசையே இல்லாமல். நடுவில், ஒன்றின் முதுகில் கை வைத்தபடி 'ம்ம்' என்று இழுத்துக்கொண்டே பவானி. தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறி மடியில் வைத்துக்கொள்கிறேன். இழுப்பதை நிறுத்துகிறாள்.

சாவியைத் திருப்பப் போன டிரைவர் அவளைப் பார்த்துவிட்டு, பிரேக்கை மட்டும் தளர்த்துகிறார். ஜீப் சத்தமில்லாமல் சரிவில் உருள்கிறது. அவள் கைகள் காதுக்குப் போகவில்லை.

பின்னால் பனிக்குள் அந்த 'ம்ம்' இன்னும் கேட்கிறது. நானும் டிரைவரும் திரும்பிப் பார்க்கவில்லை.