பேர் சொல்லிக் கூப்பிட்டால் கேஸா?

போன மாசம் பக்கத்து வீட்டுப் பாண்டி முகம் சிவக்க வந்தார். மதுரைக்காரர். கொச்சி பிராட்வேயில் ஒரு ஹோட்டல் சமையற்கட்டில் பல வருஷமாக வேலை.

"கவுண்டர்ல ஆள் வேணும்னாங்க சார். நான் வரட்டுமான்னேன். 'பாண்டியைக் கவுண்டர்ல இருத்தினா ஆளு கேறுமோ?'ங்கிறார் மேனேஜர். நான் உட்கார்ந்தா கடைக்குள்ள ஆள் வராதாம்!"

பாண்டி... மதுரையில் அது சாமி பேர். கொச்சியில்? தமிழனைக் கிண்டலடிக்கும் சொல். எல்லை தாண்டினால் வசவு!

நான் லேபர் ஆபீஸில் காலம் தள்ளி ரிட்டயர் ஆனவன். புகார்களின் ஊர்க்குணம் எனக்கு அத்துப்படி. காக்கநாட்டு ஐ.டி. கம்பெனிகளிலிருந்து புகார் ஈமெயிலில் வரும் - பாதி கம்பெனிக்கு காப்பி போட்டு. இடக்கொச்சியில் யூனியன் சேட்டன் முன்னால் வருவார், புகார் பின்னால் வரும். எங்கள் மட்டாஞ்சேரித் தமிழர்களோ, "போகட்டும் விடுங்க சார்" என்று சாயா குடிக்கப் போய்விடுவார்கள்.

பாண்டி விடவில்லை. புகாரை நான் எழுதிக் கொடுத்தேன். லேபர் ஆபீஸில் இரு தரப்பையும் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன்.

மேனேஜர் சிரித்தார். "அவன்டெ பேரு பாண்டின்னல்லே சாரே? பேரு விளிச்சா கேசாவுமோ?"

அதிகாரி ஆதாரைப் பார்த்தார். பாண்டியேதான்! அதிகாரி உதட்டிலும் சிரிப்பு. நான் படித்து வைத்திருந்த சட்டமெல்லாம் அந்தச் சிரிப்பின் முன் செல்லவில்லை. கவுண்டர் கனவு அவ்வளவுதான் என்று பாண்டி தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது மேனேஜரின் போன் அடித்தது. ஹோட்டலிலிருந்து. சாம்பார் தீர்ந்துவிட்டதாம்.

"பாண்டியோடு பறயெடா!" என்று கத்தினார். "இவனல்ல... மற்றே பாண்டி!"

அதிகாரி பேனாவை வைத்தார். "மற்றே பாண்டியா? அவன்டெ பேரு எந்தா?"

"...முருகேசன்."

"அப்ப முருகேசனும் பாண்டியா?"

மேனேஜர் போனைச் சட்டைப்பையில் போட்டார். சட்டம் செய்யாததைச் சாம்பார் செய்தது. மன்னிப்பு, சமரசம், கவுண்டர் - எல்லாம் அந்த மேஜையிலேயே முடிந்தது.

நேற்று அந்த ஹோட்டலில் சாயா குடித்தேன். இஸ்திரி போட்ட சட்டையோடு கவுண்டரில் பாண்டி. மேனேஜர் தூரத்திலிருந்து, "ஹலோ... அதேய்... சேட்டா..." என்று தடுமாறிக்கொண்டிருந்தார்.

"பாருங்க சார், இப்ப என் பேரையே சொல்ல மாட்டேங்கிறார்! இதுக்கும் ஒரு புகார் எழுதலாமா?"

எழுதலாம் பாண்டி. முதலில் என் சாயாவுக்கு பில் போடுங்கள்.